அத்தான் பாடிய முப்பத்தெட்டுப் பாட்டுகள்

பொங்கலுக்கு மறுநாள் அத்தான் என் கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தார். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற டப்பா. மூடியைத் திறந்தால் ஏழு பென்டிரைவ்கள், நகம் அளவு மெமரி கார்டுகள் நாலைந்து, உடைந்துபோன கார்டு ரீடர் ஒன்று. அவ்வளவும் சினிமாப் பாட்டு. டிராக்டரில் ஒன்றைச் செருகினால் பாட்டு பாதியில் நிற்கும், அதே பாட்டு மறுபடியும் தொடங்கும், நடுவில் ஏதோ சோப்பு விளம்பரம் வரும். அந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது ஒரு நாள் முழுக்க அதைக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். எந்தப் பொருளும் அதற்குரிய இடத்தில் இருந்தாக வேண்டும் என்பது எனக்குத் தொழில் மட்டுமல்ல, ஒருவகை வியாதியும்கூட. என் வீட்டுக் கணினியில் பாட்டுகள் இசையமைப்பாளர், வருடம், படம் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் படத்தின் அட்டை ஒட்டியிருப்பேன்.

"குடுங்க அத்தான், நான் சரி பண்ணித் தரேன்" என்றேன்.

அவர் தயங்கினார். "வேணாம் பாப்பா. அடுத்தது என்ன பாட்டு வரும்னு தெரியாம கேக்கறதுல ஒரு இது இருக்கு. இப்படியே ஓடட்டும்."

நான் விடவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு ஒன்பது வயது. அன்றைக்குப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தவர், எனக்கு நாற்பது கடந்த பிறகும் அப்படியேதான் கூப்பிடுவார். நான் ஒன்று கேட்டு அவர் மறுத்ததில்லை. போனிலிருந்த பாட்டுகளையும் என் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு, 'இடம் அடைக்கிறது' என்று சொல்லி அதையும் நானே காலி செய்து கொடுத்தேன்.

அத்தானுக்கு மயிலாடுதுறைப் பக்கம் முக்கால் வேலி, அதாவது ஐந்து ஏக்கர் நிலம். அதிகம் பேசாதவர். நாலு பேர் கூடிய இடத்தில் ஓரமாகத்தான் நிற்பார். அவர் பாடுவார் என்பது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. போனில் இசை மட்டும் ஒலிக்க, நாம் கூடவே பாடிப் பதிந்துகொள்கிற வசதி ஒன்று உண்டு. அதை யாரோ அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மத்தியான வேளையில் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பாடியிருக்கிறார். யாருக்கும் அனுப்பியதில்லை. இரண்டு வருடத்தில் முப்பத்தெட்டுப் பாட்டுகள்.

அந்த எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

ஐந்து மாதம் அந்த வேலையைச் செய்தேன். கல்லூரி விட்டு வந்ததும் காப்பியோடு உட்கார்ந்தால் வேறு நினைவே இருக்காது. எழுத்துப்பிழையோடு இருந்த படப்பெயர்களைத் திருத்தினேன். ஆங்கிலத்தில் இருந்தவற்றைத் தமிழாக்கினேன். ஒரே பாட்டு மூன்று நான்கு தடவை இருந்தால் கண்டுபிடித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். அது காட்டிய பட்டியலில் ஓரிடத்தில் முப்பத்தெட்டுக் கோப்புகள் வரிசையாக நின்றன. பெயர்கள் எல்லாம் தெரிந்த பாட்டுகளின் பெயர்கள். அளவுதான் சிறியது. ஒன்றைத் திறந்து கேட்டேன்.

முதலில் மோட்டார் ஓடுகிற சத்தம். பிறகு வாத்தியங்கள். பிறகு அத்தானின் குரல். சுருதி அங்கங்கே விலகியது. ஆனால் அடிக்குரலில் ஒரு குழைவு இருந்தது. வாய் திறந்து பேசவே யோசிக்கிற மனிதரிடம் அப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நான் சிரித்தேன், பிரியத்தோடுதான் சிரித்தேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன். பாடியவர் என்ற கட்டத்தில் பெரிய பெரிய பாடகர்களுக்கு நடுவே அத்தான் பெயரை எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். தனியாக ஒரு கோப்புறை போடலாம் என்றால், அதற்கு வருடம் கிடையாது, படம் கிடையாது, அட்டை கிடையாது. என் ஒழுங்குக்குள் அது எங்கும் உட்காரவில்லை. மற்ற முப்பத்தேழையும் கேட்காமலேயே மொத்தமாக நீக்கினேன். பழைய பென்டிரைவ்களையும் சுத்தமாகத் துடைத்து, புது வரிசையை அவற்றில் ஏற்றினேன்.

ஆனி மாதம், குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம், டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். டிராக்டரில் செருகிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு பாப்பா" என்றார். பிறகு பொத்தானை அழுத்தி அழுத்தி எதையோ தேடினார். ஐந்து நிமிடம் இருக்கும்.

"இதுல இல்லாததெல்லாம் எங்க இருக்கு?"

"ரெண்டாவது காப்பியத்தான் எடுத்துட்டேன் அத்தான். நல்லது எல்லாம் இருக்கு."

"அப்படியா" என்றார். பென்டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தும் இருந்தது. கணினியின் குப்பைக்கூடையை நான் அப்போது காலி செய்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மீட்டிருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்; கணினி மெதுவாக ஓடுகிறதென்று ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்துக் காலி செய்தேன்.

மார்கழியில் அவருக்குத் தொண்டை கட்டியது. பனி என்று இருந்தார்கள். தை முடிந்தும் சரியாகவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து காட்டியபோது குரல்வளையில் புற்று என்றார்கள். உயிரைக் காப்பாற்றலாம், குரலைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் அக்காவை உட்கார வைத்துச் சொன்னார். அறுவைச் சிகிச்சைக்கு நான்கு நாட்கள் இருந்தன. அக்காவும் அத்தானும் என் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். என் மகள், "பெரியப்பாவ எதாவது பேசச் சொல்லி ரெக்கார்டு பண்ணி வச்சுக்கலாம்" என்றாள்.

அத்தான் கையசைத்து வேண்டாம் என்றார். அப்போதே அவர் குரல் காற்றாகத்தான் வந்தது.

"இத எதுக்குடி பிடிச்சு வைக்கணும்? இது அவரு குரலே இல்ல" என்றாள் அக்கா. என்னைக் காட்டி, "நல்லா இருந்தப்ப பாடுனது அம்புட்டும் உங்கம்மாகிட்ட பத்திரமா இருக்கு. இவ எதையும் தொலைக்க மாட்டா" என்று என் மகளிடம் சொன்னாள். நாங்கள் அதற்குச் சிரித்தோம். அத்தான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறந்திருந்தால், கம்மிய குரலையாவது அன்றைக்குப் பதிந்திருப்பார்கள். நான் குழம்பைச் சூடுபண்ண எழுந்து போனேன்.

மறுநாளே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு கடைக்குப் போனேன். ஊரிலிருந்த பென்டிரைவ்களையும் அக்காவுக்குத் தெரியாமல் ஆளனுப்பி வாங்கி வரச் செய்து கொடுத்தேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "அது மேலயே புதுசா நெறைய எழுதிட்டீங்க மேடம். அடியில ஒண்ணும் இல்ல" என்றார். நான் எழுதியது என்னவென்று அவருக்குத் தெரியாது. படங்களின் அட்டைகள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு சிறு துளை, அதன் மேல் துணி. ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். "அந்தப் பாட்டெல்லாம் அனுப்பேன். அவரு தூங்கறப்ப நான் கேட்டுக்கறேன்."

"அக்கா, அந்த மென்பொருள் தப்பா அழிச்சிடுச்சுக்கா. ஒரே பேரு இருந்ததால அதுவா எடுத்துடுச்சு."

"மெஷினுக்கு என்ன தெரியும், விடு" என்றாள். அந்த 'விடு'வைக் கேட்டபின் கணினி முன் போய் உட்கார்ந்தேன். ஐந்து மாதம் அடுக்கினேனே, அவற்றில் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. பத்து விநாடி கேட்டு, சரிதான் என்று அடுத்ததற்குப் போயிருக்கிறேன். கேட்பதற்காகச் சேர்த்தவர் அத்தான். நான் அடுக்குவதற்காக அடுக்கினேன்.

பிறகு அவர் குரலைத் தேடி அலைந்தேன். கல்யாண வீடியோக்களில் அவர் பேசவே இல்லை. அக்காவுக்குக் குரல் பதிந்து அனுப்பியதே இல்லை, நேரடியாகத்தான் போன் செய்வார். உரக்கடை, வங்கி, அவரோடு படித்தவர்கள் என்று விசாரித்துக்கொண்டே போய், மயிலாடுதுறைக்குப் பக்கத்திலுள்ள குத்தாலத்தில் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிறவரிடம் வந்து சேர்ந்தேன். "அண்ணன் ஒரு தடவ வாய்ஸ்ல பேசி அனுப்புனாருங்க. நான் போன் எடுக்கல, அதான். இருக்கான்னு பாக்கறேன்" என்று விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார். புரட்டாசியில் அனுப்பியது, இருபத்தோரு விநாடி. இருந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். போனை எடுக்கும் முன்னால் அக்காவிடம், "மென்பொருள் அழிக்கலக்கா. நான்தான் அழிச்சேன். அத்தான் குரல்னு தெரிஞ்சே அழிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியும் தெரியும், சொல்லல" என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பதிவை ஓடவிட்டேன்.

"தம்பி, நாந்தாம்பா. அறுப்பு வண்டி நாளைக்குக் காலைல வந்துருமா? கதிர் சாயுது. வானம் வேற கருத்துக்கிட்டு வருது. பெல்ட் வண்டியா பாத்து அனுப்பி வுடு, வயல் ஈரமா கெடக்கு. என்னப்பா, வந்துருமா?"

அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டார். யாரோ தெரிந்தவர் பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தது. பிறகு தன் போனை எடுத்து மெல்ல எழுத்துகளைத் தட்டி எங்களிடம் காட்டினார்: 'வந்துச்சு. ரெண்டு நாள் லேட்டு. பாதி நனஞ்சு போச்சு.'

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள், இன்னொரு தடவை. நாலாவது தடவைக்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை நீட்டினாள்.

"இதுல ஏத்திக் குடு."

ஏற்றிக் கொடுத்தேன். தன் போனில் ஒருமுறை ஓடவிட்டு, வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டாள்.

"இப்ப உங்கிட்ட இருக்கறத அழிச்சுடு."

"அக்கா..."

"அழி. இது என்கிட்ட இருக்கட்டும்."

அத்தான் அவள் கையைத் தொட்டு வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் கேட்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். குத்தாலத்துக்காரரிடம் போய் மறுபடி வாங்கி வர எனக்குத் தெரியும். போகவில்லை.

என் கணினியில் இப்போதும் பாட்டுகள் வருடவாரியாக இருக்கின்றன. ஒன்று தப்பாது. அத்தான் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தால் மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறுகிறேன். அக்காவிடம் கேட்கிறேன். சில நாள் போடுகிறாள்.