எல்லாரையும் உதறவைத்த கரையான்

போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஒரே மூச்சில் அரித்து நேராக்கிவிடக்கூடிய கரையான் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதன் பெயர் சோலையம்மாள். போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியில், காம்பும் சொத்தையும் நீக்கி அளவுவாரியாகக் காய் பொறுக்குகிறாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அவள் மகள் தேவியும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறாள்.

சாயங்காலம் வாசலில் பெண்கள் முந்தானையையும் மடியையும் உதறிக் காட்ட வேண்டும். காய் விழுகிறதா என்று சூப்பர்வைசர் பால்பாண்டி பார்ப்பார். ஆண்களுக்கு உதறல் கிடையாது. பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் சோலையம்மாள் முதலாளியிடம் போனாள். "பொம்பளைகளச் சோதிக்கிற சோலிய எனக்குக் குடுங்க." கொடுத்துவிட்டார்.

"கூடவே இருந்து அரிக்கிற கரையான்!" என்றாள் கூடப் பொறுக்கும் ராக்கு, எல்லார் காதிலும் விழும்படி. அன்று ராக்குவின் ஒற்றைச் செருப்பு கிட்டங்கிக் கூரைக்குப் போனது. தேவிக்கு ஒன்றும் தெரியாதாம்.

மறுநாள் அம்மா சொன்னாள்: "இன்னைக்கு ஆம்பளைகளையும் உதறச் சொல்லப்போறேன்டி."

"வேலைய விட்டுத் தூக்கிருவாங்கம்மா!"

"தூக்கட்டும்."

பால்பாண்டியிடமிருந்து நாலு காய் விழுந்தால்தான் அம்மா தப்புவாள். அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, தேவி அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் ஒரு கை காயைப் போட்டுவைத்தாள்.

சாயங்காலம் சோலையம்மாள் வாசலை மறித்தாள். "அண்ணே, வேட்டிய உதறுங்க. பையையும்."

"ஏத்தா, நான் என்ன திருடனா?"

"அப்ப நாங்க திருடிகளா? வெரசா உதறுங்க, பஸ்சு போயிரும்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, நகராமல் நின்ற பெண்களைப் பார்த்தார். பால்பாண்டி வேட்டியை உதறினார். பையைக் கவிழ்த்தார். தூக்குவாளி உருண்டது. ஒரு காய்கூட விழவில்லை.

அவர் முகம் கறுத்துவிட்டது. "நாலு பேரு முன்னாடி இப்படியா? இனிமே இந்த உதறலே வேணாம் மொதலாளி!"

முதலாளி தலையாட்டினார்.

"கரையான்னா இதுல்ல கரையான்!" என்று ராக்கு சோலையம்மாளைக் கட்டிக்கொண்டாள். தேவிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் காய் எங்கே போனது?

"காயத் தேடுறியா?" என்றாள் அம்மா, வீட்டுக்கு நடக்கும்போது. "அவர உதறச் சொல்றதுக்கு முந்தி பையத் தெறந்து பாத்தேன். எடுத்துக் குமியல்லயே போட்டுட்டேன். விழுந்திருந்தா உதறவிட்டது நாயம்னு ஆயிரும். ஒண்ணும் எடுக்காதவன உதறவிட்டாத்தான் வலி தெரியும்."

"நான் போடலம்மா. அவரே திருடியிருப்பாரு."

"திருடுறவன் அள்ளிப் போடுவான்டி. அதுல ஒரு காம்பில்ல, ஒரு சொத்தையில்ல, அத்தனையும் ஒரே அளவு. எம்மக கையத் தவிர இம்புட்டுச் சுத்தமா யாரு பொறுக்குவா?"