கல்லறைப் பாதையிலிருந்து எடுத்த செடி

சபைப் போதகர் ஐயர் இருந்தார். செயலாளர் இருந்தார். பொருளாளர் குடையை விரித்துக்கொண்டு நின்றார். பெண்கள் சங்கத்து அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். இந்த ஐந்து பேரும்தான் சபைக் கமிட்டி. கொஞ்சம் தள்ளி, வாளியோடு தோட்டக்காரி நான்.

போன சித்திரை. ஞாயிறு ஆராதனை முடிந்த நேரம். சர்ச் கேட்டிலிருந்து கோயில் படி வரைக்கும் ஒரு பூப்பாத்தி உண்டு. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். முந்தின கோடையில் பாத்தி காய்ந்து கிடந்தது. வருசம் முழுக்கப் பூ நிற்க வேண்டும், இல்லையென்றால் கல் பாவிக் கார் நிறுத்தலாம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். பாத்தி போனால் எனக்கு அங்கே வேலை கிடையாது. வேறு வேலையும் தெரியாது.

செடி பார்த்து வைத்தது நான்தான். தச்சநல்லூர் நர்சரியில் வாங்கின ரோசா பங்குனியைத் தாண்டவில்லை. கேந்திப் பூச்செடி ஒருதரம் பூத்துச் செத்துவிடும். வேர் நின்று, திரும்பத் திரும்பப் பூக்கிற செடி வேண்டும். குழாய்த் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். குடிக்கப் பிடித்தது போக மிச்சம்தான் செடிக்கு. அரளி சாகாது. ஆனால் புதராகிப் பாதையை அடைக்கும்.

சுவரோரம் செம்பருத்தி வைத்தேன். அதற்கு முன்னால் நந்தியாவட்டையும் இட்லிப்பூவும். ஒன்று ஓய்ந்தால் ஒன்று பூக்கும். முன் வரிசையில்தான் எதுவும் பிழைக்கவில்லை. சிமெண்டுத் தரையின் சூடு. அங்கே நித்தியகல்யாணி வைத்தேன். சுடுகாட்டு மல்லி என்பார்கள். எங்கள் பக்கம் வீட்டில் யாரும் வைப்பதில்லை.

சித்திரை வெயிலில் செம்பருத்தி மொட்டாகவே உதிர்ந்தது. இட்லிப்பூ கருகியது. முன் வரிசை மட்டும் வெள்ளையும் ரோசுமாக நிறைந்து நின்றது.

“பூ நிக்குதுல்லா,” என்றார் ஐயர்.

சங்கத்து அம்மா குனிந்து பார்த்தார். “ஏட்டி, இத எங்க பிடுங்குன?”

நர்சரி என்று சொல்லியிருக்கலாம். “கல்லறைத் தோட்டத்துலம்மா,” என்றேன்.

பொருளாளர் குடையை மடக்கினார். “சுடுகாட்டுப் பூவக் கொண்டாந்து கோயில் வாசல்ல வச்சிருக்கா, பாத்தீரா வே. நாளைக்கு கல்யாணப் பொண்ணு இதத் தாண்டித்தான் உள்ள வரணும்.”

“அங்கன கெடக்கவங்க யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க வே,” என்றார் வாத்தியார்.

“நீரு சும்மா இரும். ஒமக்கு எல்லாம் கேலி.”

“கல்ல பாவிட்டா இந்தப் பேச்சே இல்ல,” என்றார் செயலாளர்.

அம்மா சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். அடக்கம் பண்ணி ஒரு வருசம் ஆகவில்லை. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. வாளிப் பிடியை இறுக்கிக்கொண்டேன்.

“அவுக மேல மொளச்சதா?”

“இல்லம்மா. நடக்குத பாதையில. களையின்னு செதுக்கிப் போட இருந்தாவ. கல்லறை மேல கை வைக்கல.”

“உண்மையச் சொல்லு.”

“உண்மைதாம்மா.”

“ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாம்லா.”

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

“அங்கன யாரு தண்ணி ஊத்துதா?”

“யாரும் ஊத்தலம்மா. மழைதான்.”

ஐயர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “பாத்தி இப்படியே இருக்கட்டும்னு சொல்லுதவங்க கை தூக்குங்க.”

வாத்தியார் உடனே தூக்கினார். ஐயரும் தூக்கினார். செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார். பொருளாளர் இரண்டு கையையும் குடைப்பிடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டுக்கு வெளியே சீவலப்பேரி பஸ் ஹாரன் அடித்துப் போனது. யாரும் திரும்பவில்லை. பிறகு அம்மா முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினார். கையைத் தூக்கினார்.

செயலாளர் எண்ணினார்.

மூன்று.