இருநூற்றைம்பது ஓம்

மழை, மின்தடை, ரயில் தாமதம் எல்லாவற்றையும் நாளும் நேரமும் போட்டு நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். சென்ற வருடம் அதில் என் மனைவியின் காதும் சேர்ந்தது. அவளுக்குத் தெரியாமல்தான்.

மலேசியாவில், கிள்ளானிலுள்ள எங்கள் வீட்டில் மாலையில் இருவரும் பாட்டுக் கேட்போம். பக்கத்து வீட்டுக்காரர் இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர், அந்நேரம் தூங்குவார். ஆகவே ஒரே போனில் இரண்டாகப் பிரியும் ஒயரை மாட்டி, ஆளுக்கொரு ஹெட்போன். ஷா ஆலமில் மூடப்பட்ட ஓர் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து வாங்கிய பெரியதை அவளுக்குக் கொடுத்தேன். சாதாரணமானது எனக்கு.

"சத்தத்தக் கூட்டி வைங்க" என்றாள்.

"இதுக்கு மேலயா? எனக்குக் காது கிழியுது."

"எனக்கு முணுமுணுன்னுதான் கேக்குது."

அன்றிலிருந்து அவள் "என்ன?" என்று கேட்கும் ஒவ்வொரு தடவையையும் குறித்தேன். ஒரு மாதத்தில் பதினேழு. அவளும் பயந்துபோனாள். கோயில் பஜனையில் முன்வரிசையில் பாடுகிறவள், சுருதி விலகினால் கேவலம் என்று வெள்ளிக்கிழமைகளில் போவதையே நிறுத்திவிட்டாள். காது டாக்டரிடம் நாள் வாங்கினேன்.

அதற்கு முன்பு, ஹெட்போன் பழுதாக இருக்குமோ என்று இரண்டையும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரிப்பேர் கடையில் காட்டினேன். கடைக்காரர் பெரியதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு அங்கிள். கரண்ட எவ்வளவு தடுக்குதுங்கற கணக்குதான் ஓம். இது 250 ஓம், அது 32. ஒரே போன்ல ரெண்டையும் மாட்டினா இது முனகத்தான் செய்யும் லா."

புதிதாக எதையோ தலையில் கட்டப் பார்க்கிறார் என்று பட்டது. "எல்லாத்தையும் ஒரே மாதிரி செஞ்சா என்ன?" என்றேன்.

"போன் பேட்டரி குடுக்கற வோல்ட்டேஜ் கம்மி. அதுல சத்தம் வரணும்னா ஓம் கம்மியா இருக்கணும். ஸ்டூடியோவுல சத்தத்தப் பெருக்கற பெரிய ஆம்ப் இருக்கும், ஒரே லைன்ல நாலஞ்சு பேர் மாட்டுவாங்க. ஓம் கூட இருந்தா மெஷினுக்குப் பாரம் ஏறாது. பாருங்க."

பெரியதை மேசையிலிருந்த ஆம்பில் மாட்டினார். தெளிவாக அதிர்ந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. வீட்டில் சொல்லாமல் இரண்டையும் மாற்றி வைத்தேன்.

"ஐயோ, குறைங்க!" என்று அவள் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். என் காதில் ஏதோ தூரத்தில் கொசு பாடியது.

வெட்கத்தோடு நோட்டைக் காட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தாள்.

"உளவா பாத்தீங்க என்னை?"

"பதிமூணு தடவை ஹெட்போனால. சரி. மீதி நாலு சமையல்கட்டுல நடந்திருக்கே?" என்றேன்.

"அது வேணும்னே கேட்டது. நான் 'என்ன'ன்னதும் பேனாவத் தேடி ஓடறீங்களே, என்னத்தத்தான் எழுதறீங்கன்னு பாக்க."

நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது பாட்டில் அவள் பக்கத்துப் பெண்ணுக்குச் சுருதி லேசாக இறங்கியதாம், எனக்கே தெரியவில்லை. என் மனைவி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள், பிறகுதான் மற்றவர்கள்.

டாக்டரிடம் வாங்கிய தேதியை மட்டும் நான் ரத்து செய்யவில்லை, என் காதைக் காட்டலாமே.