ஆறு பத்துக்குக் குடித்த டீ

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பை முப்பத்தொரு வயதில் மறுபடி பிடித்து, பன்னிரண்டாவது வரை தபாலிலேயே முடித்தது. இரண்டு முறை கவிழ்த்துவிட்ட டிப்ளமோவை மூன்றாம் முறை வென்றது. ரத்தத்தைக் கண்டாலே தலைசுற்றுகிற உடம்பை ஆபரேஷன் தியேட்டருக்குள் நிற்கப் பழக்கியது. ஆண்கள் அளவிலேயே அடுக்கியிருந்த தியேட்டர் செருப்புகளுக்கு நடுவே தன் காலுக்கு ஒரு ஜோடி வாங்கவைத்தது. அதற்கு மட்டும் நாலு மனு. தரை துடைக்க ஓர் ஆஸ்பத்திரிக்குள் போன தங்கை, மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியனாக ஆவதற்குள் வென்றெடுத்தவை இவை.

கைக்கு எட்டாதது ஒன்று இருந்தது. நோயாளியை உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் ஒரு தாள் நிரப்ப வேண்டும்: எடை, ஆடும் பல், ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம். கேட்பது, எழுதுவது, மெஷினைச் சோதிப்பது எல்லாம் அவள். அடியில் கையெழுத்து மட்டும் மூத்த டெக்னீஷியன். டிப்ளமோ வந்து ஒன்பது மாதமாகியும், “பார்க்கலாம்மா, என்ன அவசரம்?” என்பதே அவர் பதில்.

அவள் அண்ணன் தையல் கடையில் துணி வெட்டுகிறவர். கால் அங்குலம் பிசகினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. குடலிறக்க ஆபரேஷன் என்று ஆனதும், தங்கை வேலை பார்க்கும் இடத்தில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், “என்னைத் தூங்க வைக்கப்போறதே என் தங்கச்சிதான்” என்றார்.

“மருந்து போடுறது டாக்டர், அண்ணா. நான் மெஷினைப் பார்த்துக்கிறவ.”

“அந்த மெஷின் இல்லாம டாக்டர் என்ன தாலாட்டா பாடுவாங்க?”

ராத்திரிக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வெறும் வயிற்றில் தலை கிறுகிறுத்து ஆஸ்பத்திரி நடையில் விழுந்தால், கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் தங்கையின் மானம் என்ன ஆவது? ஒரு டம்ளர் டீ குடித்து, ஒரு பன்னையும் உள்ளே தள்ளிவிட்டுத் தெம்பாகக் கிளம்பினார். வார்டு நர்ஸ் கேட்டபோது, “பச்சைத் தண்ணி பல்லுல படல” என்று சாதித்தார்.

தியேட்டர் வாசலில் தங்கை தாளோடு வந்தாள். உத்தியோகக் குரல்.

“பல்லு ஏதாவது ஆடுதா உங்களுக்கு?”

“என்னடி, உங்களுக்குங்கற?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பிரஷர் மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?”

“ஆறு பத்து.”

“எதோட?”

அளவு விஷயத்தில் பொய் சொல்லிப் பழகாதவர் போர்வை நுனியை மடித்தார்.

“அண்ணா.”

“டீயோட.”

“பால் போட்டதா?”

“பால்தான் ஜாஸ்தி.”

“வேற?”

“ஒரு பன். சின்ன பன்தான்.”

பேனா நின்றது. முதல் கேஸ் எட்டு மணிக்கு. இன்னும் பத்து நிமிஷம்தான். மூத்த டெக்னீஷியன் கையை நீட்டினார். “ஒரு டீக்கா இந்தப் பாடு? சொந்த அண்ணன்னு பயப்படுற. குடு, நான் போட்டுடறேன்.”

அவள் தாள் செருகிய அட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். “தரமாட்டேன் சார். டாக்டர் வரட்டும்.”

“ஓஹோ, டிப்ளமோ பேசுதா?”

“இல்ல சார், பன் பேசுது.”

மயக்க டாக்டரம்மா வந்து கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். “வீட்டுல தூங்கும்போது தொண்டைக்குள்ள ஏதாவது போனா இருமி எழுந்துடுவீங்க. இந்த மருந்துல அந்த இருமல் கிடையாது. மூச்சுகூட நாங்கதான் விட்டுத் தரணும். வயித்துல இருக்கிறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து.”

“ஒரு பன்னுக்கா டாக்டர்?”

“ஒரு பன்னுக்குத்தான்.”

சர்ஜன் உச்சுக்கொட்டினார். கேஸ் மதியம் ஒரு மணிக்குத் தள்ளிப்போனது. அண்ணன் அதுவரை சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். மானத்தைக் காப்பாற்றப் போய், காலை எட்டு மணிக்கே அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்றிருந்தது.

ஒரு மணிக்குத் தங்கை மறுபடி முதலிலிருந்து கேட்டாள். வழக்கம்போல மூத்தவர் தாளுக்குக் கை நீட்ட, டாக்டரம்மா குறுக்கிட்டார். “கேட்டவங்களே போடட்டும் சார். இனிமே அப்படித்தான்.” அவள் கையெழுத்துப் போடுவதை அண்ணன் எட்டிப் பார்ப்பதற்குள் தள்ளுவண்டி நகர்ந்துவிட்டது.

உள்ளே குளிர். தங்கை ஆக்சிஜன் முகமூடியை அவர் மூக்கின் மேல் பிடித்தாள். பால் மாதிரி வெள்ளை மருந்து கை நரம்பில் எரிந்துகொண்டே ஏறியது.

“பத்துலேருந்து கீழ எண்ணுங்க” என்றார் டாக்டரம்மா.

“பத்து. ஒன்பதே முக்கால்...”

“அண்ணா! முடிஞ்சிடுச்சு, கண்ணைத் திற.”

“ஒன்பதரை” என்றார் அண்ணன்.

நடுவில் போன ஒன்றே கால் மணி நேரம் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கனவில்லை, புரண்டு படுத்த ஞாபகமில்லை. துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தையல் தெரியாமல் ஒட்டிய மாதிரி. குழாய் போட்ட தொண்டை கரகரத்தது. பல் தந்தியடித்தது. காரணமே இல்லாமல் கண்ணீர் வழிந்தது.

“மருந்து இறங்கும்போது சில பேருக்கு அழுகை வரும்” என்று தங்கை இன்னொரு போர்வையை இழுத்துவிட்டாள்.

“அந்தத் தாளைக் காட்டு.”

“முதல்ல மூச்சை இழுத்து விடு.”

“காட்டுடி.”

காட்டினாள். எழுத்தெல்லாம் தண்ணீரில் மிதந்தது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை இடுக்கி, ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடு அடிவரிக்கு வந்தார். கையெழுத்துக் கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே நீண்டிருந்தது தங்கையின் முழுப்பெயர். பக்கத்தில், அவளுடைய உருண்டை எழுத்தில்: 2014 பிப்ரவரி 12, புதன்கிழமை.