இசை நீரூற்றின் முன் அக்கா இட்ட குலவை

மாலை ஏழே கால் மணிக்கு என் மகளின் கை என் கையில் இல்லை.

மைசூருக்கு அருகே அணையின் அடியில் இருக்கும் அந்தப் பழைய பூங்காவில், இசை நீரூற்றின் முன் நின்றிருந்தோம். விளக்குகள் அணைந்தன. பாட்டுத் தொடங்கியது. முதல் நீர்த்தாரை சிவப்பு வெளிச்சத்தில் பனை உயரத்துக்கு எழுந்தது. மனம் பொங்கினால் எங்களூர்ப் பெண்களுக்கு வாய் சும்மா இருக்காது. வேன் நிறைய வந்திருந்த அத்தனை பேரும் ஒருசேரக் குலவையிட்டார்கள். நானும் இட்டேன். குலவையிடும்போது கை தானாக வாயருகே போய்விடும். அதற்காக மகளின் கையை விட்டேன். கையை இறக்கியபோது அவள் பக்கத்தில் இல்லை. நீரூற்றைப் பார்க்க, பின்னால் இருந்த கூட்டமெல்லாம் முன்னே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது.

பெயரைச் சொல்லிக் கத்தினேன். பாட்டின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடப்போன என் மணிக்கட்டை அக்கா பிடித்தார்.

“எங்கடி ஓடுற? நீயும் தொலைஞ்சா ரெண்டு பேரையில்ல தேடணும். இங்கனயே நில்லு.”

“விடுக்கா! பிள்ள தண்ணிப் பக்கம் போயிருந்தா?”

அக்கா விடவில்லை. அந்தப் பிடியை அறியாதவர் நம் உறவினரில் இருக்க முடியாது.

அக்கா திருவாடானைக்குக் கிழக்கே எங்கள் ஊரில், விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அவர் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நான் கல்லூரி வரை போனேன். முதலாவது நடந்ததால்தான் இரண்டாவது நடந்தது. அக்காள்மடம் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டு, சில ஆண்டுகளிலேயே அத்தானை இழந்து ஊர் திரும்பியவர், துக்கம் ஆறும் முன்பே மிளகாய்க் கொல்லையில் இறங்கினார். மிளகாய்ப் பழம் பறிக்கப் பெண்களைத் திரட்டி அழைத்துச் செல்லும் பொறுப்பு நாளடைவில் அவருடையதானது. நிறைமாதப் பெண் வந்தால் வெயிலில் குனிய விடமாட்டார். களத்தில் காயும் பழத்துக்குக் காவலாக உட்கார வைப்பார்.

“உக்காந்திருக்கவளுக்கும் சேத்தா கூலி கேக்குற?” என்று ஒரு நிலத்துக்காரர் கேட்டார்.

“நீங்களும் வரப்புல உக்காந்துதான இருக்கீக, அண்ணே” என்றார் அக்கா. நிலத்துக்காரர் சிரித்துவிட்டுக் கொடுத்தார்.

பறிப்பு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து இராமேஸ்வரம் போய்க் கடலாடி வருவது எங்கள் வழக்கம். ஒரு வருடம் யாரோ கைபேசியில் இந்த நீரூற்றைக் காட்டினார்கள். “கடல் எங்கன போயிரும்? இந்த வருசம் தண்ணி ஆடுறதைப் பாத்துட்டு வருவோம்” என்று அக்கா வேன் பேசிவிட்டார். பூங்கா வாசலில் இறங்கியதும் ஒருத்தி, “மதினி, அதுல குளிக்க விடுவாகளா?” என்று கேட்டாள். “ஏன், சோப்பு கொண்டாந்திருக்கியாக்கும்?” என்றார் அக்கா. அங்கே நின்றவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதாகி இராமநாதபுரத்தில் மருத்துவமனையில் கிடந்தபோதும் அக்கா யாரையும் அழவிடவில்லை. பார்க்க வந்தவர்களிடம், “களை மண்டிக் கிடக்குமே, இங்க வந்து ஏன் உக்காந்திருக்கீக?” என்று விரட்டினார். விரட்டியும் போகாமல் முறைவைத்துத் துணையிருந்த பறிப்புப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த ஊர் இளைஞர்களுக்கும், நேரம் பார்க்காமல் வண்டி எடுத்த வேன் ஓட்டுநருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் இந்த முதலாண்டு நினைவு நாளில் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

எனக்கென்று ஒரு நன்றி தனியே இருக்கிறது. அது அந்த மாலைக்கு உரியது.

அக்கா இரண்டு பெண்களைக் காவலரிடம் தகவல் சொல்ல அனுப்பினார். மற்றவர்களை அருகே அழைத்தார். “பாட்டு ஓடயில என்ன கத்தினாலும் கேக்காது. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்குமுன்ன கொஞ்சம் சும்மா கிடக்கும்ல? அப்ப எல்லாரும் சேந்து குலவை போடுங்க. பிள்ள நம்ம சத்தம் அறிஞ்சவ.”

முதல் பாட்டு முடிந்தது. குலவை எழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்; சிலர் படம் எடுத்தார்கள். ஒருவர் தமிழிலேயே, “ஏம்மா, காது கிழியுது” என்று அதட்டினார்.

“பிள்ளையத் தேடுறோம்யா. நீங்களும் வேணாச் சேந்து போடுங்க” என்றார் அக்கா. அதட்டியவர் கைபேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டு தேடப் போனார்.

அடுத்த பாட்டு. தண்ணீர் பச்சையாகவும் நீலமாகவும் சுழன்றது. கூட்டம் கைதட்டிய ஒவ்வொரு முறையும் நான் தண்ணீர்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன். இன்றும் கூட்டமுள்ள இடத்தில் மகளின் கையை இறுக்கிப் பிடித்து, “வலிக்குதும்மா” என்ற பேச்சை வாங்குகிறேன். பாட்டு நின்றது, மீண்டும் குலவை. மறுபடி பாட்டு, மறுபடி குலவை. அக்காவின் தொண்டை கம்மிவிட்டது. என் மணிக்கட்டைப் பற்றியிருந்த பிடியை அவர் தளர்த்தவில்லை. குலவையையும் விடவில்லை. பெண்கள் மூச்சு வாங்கி நின்றால், “ம், போடுங்கடி” என்று தானே முதலில் எடுத்துக் கொடுத்தார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவருடைய முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தவள் என் மகள். அவள் அழவில்லை. முகம் நிறையக் கோபம். என்னைத் தாண்டிப் போய் அக்காவின் முன் நின்றாள்.

“ஏன் பெரியம்மா விட்டு விட்டுப் போடுறீக? நீங்க போடுறப்பதான் எங்கிட்டு வரணும்னு தெரியுது. நிறுத்துனா நானும் நின்னுக்கிட்டுல்ல இருக்கேன்!”