எதிர்வீட்டுச் சுவரில் என் வெயில்

இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்துத் திகைத்துப் போனேன். மகள் மாலதியோடு ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். விளக்கு சிவப்பானது. முன்னால் வெள்ளைக் கோடு வரை ரோடு காலியாகக் கிடக்கிறது. வண்டிக்காரர்கள் யாரும் அங்கே போகவில்லை. பின்னாலேயே, ஒரு மரம் விரித்த நிழலுக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பச்சை விழுந்ததும் போய்விட்டார்கள். அந்த நிழலில் அடுத்த கூட்டம் வந்து நின்றது. இதுபோன்ற ஒழுங்கை நான் எந்தக் கோயில் வரிசையிலும் பார்த்ததில்லை.

சிலோனில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். நமக்கு வெயில் விருந்தாளி. பனி விலகி மலை தெரிய ஆரம்பித்தால், கொழுந்துக் கூடையை இறக்காமலே திரும்பி நின்று முதுகைக் காட்டுவோம். துணி, மிளகாய், குளிப்பாட்டிய பிள்ளை எல்லாவற்றையும் வாசலில் போடுவோம். நல்லது எதுவானாலும் வெயிலில் வை என்றுதான் நான் வளர்ந்தேன். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை போனவள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். எழுத்தில் தப்பிருந்தால் மாலதி திருத்தட்டும், விஷயத்தைத் திருத்த அவளுக்கு அனுமதி கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய பிறகு மாலதி என்னை ராஜா அண்ணாமலைபுரத்துக்குக் கூட்டிவந்தாள். மொட்டைமாடியோடு சேர்ந்த முதல் மாடி, வாடகை வீடு. நான் கொண்டுவந்தது இரண்டு பெட்டி, ஒரு கொடித்துண்டு. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசி வீட்டுக் கூரையோரம் அவர் ஏற்றிவிட்ட மெழுகுப்பூக் கொடியின் துண்டு அது. இலை தடிப்பாக இருக்கும். சின்னச் சின்ன நட்சத்திரம் சேர்ந்து பந்துபோல் பூக்கும். மெழுகில் வார்த்தது போலிருப்பதால் அந்தப் பெயர். விமானத்தில் அதை எப்படிக் கொண்டுவந்தேன் என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் இப்போது இருக்கும் என் தங்கை சரோஜா, துண்டை ஈரத்துணியில் சுற்றிக் கொடுக்கும்போதே சொன்னாள்: "அந்த ஊரு வெயில் காய்ச்சல்ல இது பூக்காதுக்கா. ஒத்துக்கலன்னா கொடியையும் தூக்கிக்கிட்டு வந்துரு. ரெண்டு பேருக்கும் எடம் கெடக்கு." கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குள் அது பந்தயமாக விழுந்துவிட்டது. பூத்தால் இருப்பேன், இல்லாவிட்டால் திரும்புவேன். மாலதியிடம் இதைச் சொல்லவில்லை.

வேர் பிடித்ததும் தொட்டியை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தேன். வேறெங்கே வைப்பேன்? வெயில் அங்கேதானே கொட்டுகிறது. ஒரு வாரத்தில் இலையெல்லாம் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி பழுத்துக் கருகியது. பயந்துபோய்க் கூடத்து மூலைக்கு மாற்றினேன். அங்கே கருகவில்லை, ஆனால் இலையே இல்லாத நீள நீளக் கயிறுகளாக விட்டு, சுவரைத் தடவித் தடவி எதையோ தேடியது. பார்க்கவே பாவமாக இருந்தது. நானும் அப்போது பகலெல்லாம் ஜன்னலை மூடி, மின்விசிறிக்குக் கீழே அப்படித்தான் கிடந்தேன்.

அதற்கப்புறம்தான் இந்த ஊர்க்காரர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். நொச்சிக்குப்பம் ரோட்டோரம் மீன் விற்கிற பெண் தன் தலையை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, குடையை மீன் தட்டுக்குப் பிடித்திருக்கிறாள். மயிலாப்பூரில் பூக்காரம்மா காலையில் தெருவுக்கு இந்தப் பக்கம், மதியம் அந்தப் பக்கம். நிழல் நகர நகரக் கூடையும் நகர்கிறது. வெயிலோடு எவ்வளவு உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவர்களுக்குத் தெரிகிறது. ஒட்டியும் போவதில்லை, வெட்டியும் விடுவதில்லை.

எங்கள் சமையலறை ஜன்னலில் நேர் வெயில் ஒரு பொட்டு விழாது. சின்னச் சந்துக்கு அந்தப் பக்கம் ஜானகி மாமியின் வீடு உயரமாக எழுந்து காலை வெயிலை மறைத்துவிடும். ஆனால் உச்சி சாய்ந்ததும், எங்கள் மொட்டைமாடியைத் தாண்டி வருகிற வெயில் மாமி வீட்டு வெள்ளைச் சுவரில் போய் விழும். அங்கிருந்து சூடெல்லாம் இறங்கி, வெளிச்சம் மட்டும் என் ஜன்னலுக்குத் திரும்பி வரும். பருப்பு கிளறும்போது ஒருநாள் கரண்டியின் நிழல் மெல்லிசாக அடுப்பு மேடையில் விழுந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. நம் மலை வெயில் இதேபோல்தான் இருக்கும். கொடியை அங்கே மாற்றினேன். இலை விட்டது. ஜன்னல் கம்பியைச் சுற்றியது. இரண்டு மழைக்காலம் போன பிறகு, குண்டூசித் தலை அளவில் ஒரு கொத்து மொட்டு வைத்தது.

அந்த வாரம்தான் மாமி வீட்டுச் சுவரை ஒட்டிச் சாரம் கட்டினார்கள். பெயிண்டர் கன்னியப்பனிடம் ஜன்னல் வழியே என்ன நிறம் என்று கேட்டேன். "காப்பிப்பொடி கலரும்மா. சும்மா ஜம்முனு இர்க்கும் பாரு," என்றார். காப்பிப்பொடி நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். மொட்டு வைத்த தொட்டியை நகர்த்தவும் முடியாது. நகர்த்தினால் இந்தக் கொடி கோபித்துக்கொண்டு மொட்டை உதிர்த்துவிடும்.

மாமி வீட்டு வாசலில் போய் நின்றேன். இத்தனை நாளில் தெருவில் தலையசைத்ததோடு சரி.

"உங்க செவுத்த அப்படியே வெள்ளையா விட்டுருங்கம்மா," என்றேன்.

"ஏன், பெயிண்ட் வாசனை ஒத்துக்கலையா? ரெண்டு நாள்ல போயிடும்."

"வாசனை இல்லம்மா. வெளிச்சம்."

"வெளிச்சமா? எங்காத்துல லைட் போட்டா உங்காத்துல வந்து அடிக்கறதா?"

"இல்லம்மா. எனக்கு உங்க வெயில் வேணும்."

"வெயில் வேணும்னு கேக்கற மொத மனுஷி இந்த ஊர்ல நீங்கதான். வாங்கோ, காட்டுங்கோ," என்று மாமி செருப்பை மாட்டினார். முட்டிவலிக்காரர். எங்கள் படிக்கட்டில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினார். ஜன்னலருகே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மொட்டைப் பார்த்தார், திரும்பித் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்திலிருந்து தன் வீட்டைப் பார்த்ததே இல்லை என்றார்.

"கலர் என் பிள்ளை செலக்ட் பண்ணினது. அமெரிக்காலேர்ந்து போன்லயே அனுப்பிச்சான். அவன் ஊர்ல பாதி வருஷம் வெயிலே கிடையாது. அதான் அடர்த்தியா கேக்கறான் போல. முழுக்க மாத்தினா வருத்தப்படுவான்." கொஞ்சம் யோசித்துவிட்டு ஜன்னல் வழியே குரல் கொடுத்தார்: "கன்னியப்பா! இந்த ஜன்னலுக்கு நேரா இருக்கற எடத்தை மட்டும் வெள்ளையா விடு!"

"இன்னா மாமி, நடுவுல துண்டா வெள்ளை வுட்டா தெருவே சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே. எங்காத்துச் செவுருதானே."

சாரத்தில் நின்ற கன்னியப்பன் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏம்மா சிலோனு, வெயில் வோணும்னா எங்கூட்டாண்ட வா. ஆத்தோரத்துக் குடிசைலேர்ந்து எங்கள தூக்கினு போய் ஊருக்கு வெளிய வுட்டாங்க. ஒரு மரம் இல்ல. எம்மாம் வோணுமோ அள்ளினு போ!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் வேலையில் விளையாடவில்லை. நான் ஜன்னலில் நின்று "இன்னும் கொஞ்சம் கீழே, இந்தப் பக்கம்" என்று சொல்லச் சொல்ல, நூல் பிடித்துக் கோடு போட்டு, பழைய வெள்ளைக்கு மேலே புது வெள்ளையும் ஒரு பூச்சுப் பூசினார். "இன்னாம்மா, சினிமா கினிமா ஓட்டப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே சாரத்தை அவிழ்த்தார்.

கொடி பூத்தது. மாமி சுவாமிக்கு ஒரு கொத்துக் கேட்டார். இந்தக் கொடிக்குக் காம்பைக் கிள்ளக் கூடாது, அதே காம்பில்தான் மறுபடியும் பூக்கும். ஒவ்வொரு நட்சத்திரமாக உதிர்த்து இலையில் வைத்துக் கொடுத்தேன். "என்ன அழகு, சர்க்கரையில பண்ணின மாதிரின்னா இருக்கு!" என்று வாங்கிக்கொண்டு போனார். சுவரைத் தன் பிள்ளைக்குப் படமெடுத்து அனுப்பினாராம். நடுவில் பெயிண்ட் தீர்ந்துவிட்டதா என்று கேட்டானாம். "ஆமாம்னுட்டேன்," என்றார் மாமி.

நானும் சரோஜாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே பேசினாள். "பூத்துருச்சேக்கா," என்றாள். பிறகு, "அப்ப நீ வரமாட்டே," என்றாள். அவளும் பந்தயத்தை மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவளே பேச்சை மாற்றினாள்: "பூவுக்குப் பின்னாடி வெள்ளையா இருக்கே, அது யாரு வீட்டு ஜன்னலு?"

"ஜன்னல் இல்லடி. நம்ம ஊரு வெயிலு. எதிர்வீட்டுச் செவுத்துல வச்சிருக்கேன்."

பாஸ்போட் இன்னும் அந்த நாட்டுடையதுதான். ஆண்டுதோறும் போய்க் கையெழுத்துப் போட்டு, இங்கே இருக்க அனுமதி கேட்கிறேன். சாயங்காலம் தேநீரை வைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்கும்போது காப்பிப்பொடிச் சுவர் முழுக்க இருண்டுவிடுகிறது. நடுவில் அந்த வெள்ளைத் துண்டு மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் வெளிச்சத்தைப் பிடித்திருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே லயத்து வாசலில் பனி இறங்கியிருக்கும், சரோஜா மிளகாயை அள்ளி உள்ளே வைத்திருப்பாள். இங்கே கொடியின் புதுத் தளிர் ஒன்று கம்பியைத் தாண்டி, பிடிக்க ஒன்றுமில்லாத சந்துக்கு மேலே அந்த வெள்ளையைப் பார்த்து நீண்டிருக்கிறது. நான் அதை உள்ளே இழுத்துக் கட்டவில்லை.