சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

தாராவியில் இடுப்பளவு தண்ணீர் நின்று தையல் மெஷினெல்லாம் சேற்றில் முங்கியதே, அந்த மழைக்கு அடுத்த வருஷம்தான் என் மகள் கோமதி வீடியோ கேம் செய்திக்கென்று ஒரு வெப்சைட் ஆரம்பித்தாள். இன்று காலை பழைய சாமான் கோடவுன் வழியே போனேன். வயர் கருகிய வாடை. அதிலிருந்து கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. மூன்று கடையில் டீ குடித்தாயிற்று.

பழைய சாமானில் பொறுக்கிச் சேர்த்ததுதான் அவள் கம்ப்யூட்டர். வெப்சைட் முழுக்க அதற்குள்ளேயே இருந்தது, ராப்பகலாக இரையும். பக்கத்தில் உட்கார்ந்து நான் லெதர் பை தைப்பேன். புதுசாக என்ன கேம் வருகிறது, எது தேறாது என்று தட்டிக்கொண்டே இருப்பாள். மாஹிமில் ஒரு கேம் பார்லர் இருந்தது. பள்ளிக்கூடமே பார்க்காத என்னை அங்கே கூட்டிப்போய் கார் ஓட்டவைப்பாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"பிரேக்கே பிடிக்கலட்டி. இதச் செஞ்சவன் சைக்கிள்கூட ஓட்டிருக்க மாட்டான்."

அதை அப்படியே போடுவாள். 'அப்பா தீர்ப்பு' என்று தனி இடம். நான் தைத்த ஆயிரம் பையில் என் பேர் கிடையாது. அங்கே இருந்தது.

நாலாவது வருஷம் ஆயுத பூஜை. அவள் குளிக்கப் போயிருந்தாள். மெஷின், கத்திரி எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தேன். கம்ப்யூட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பாவம், அதற்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா? பிளக்கைப் பிடுங்கி, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, ஓட்டையெல்லாம் அடைய சந்தனம் பூசினேன். பெரிய மனுஷ வேலை!

ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

"யப்பா, யாரு தொடச் சொன்னா? ஆளுக வாசிச்சிட்டிருப்பாங்கல்லா!"

"பூஜையில வச்சதத் தொடப்படாது. நாளைக்குப் போடு."

கேட்கவில்லை. போட்டாள். டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாடை. நாலு வருஷமாக அவள் எழுதியதெல்லாம் போயிற்று. வேறெங்கும் எடுத்துவைத்திருக்கவில்லை. ஒருநாள் விட்டிருந்தால் ஈரம் காய்ந்திருக்குமோ? இன்றும் அதுதான் குடைகிறது.

பார்லர் போய் மொபைல் கடை வந்துவிட்டது. கோமதி ஐரோலியில் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள்; அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டாள்.

வெப்சைட் ஓடிய நாளில் அதை வாசிக்கிற ஒருத்தர் சுனாபட்டியிலிருந்து வீட்டுக்கு வந்து, 'அப்பா தீர்ப்பு' எல்லாவற்றையும் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து ஃபைல் போட்டிருப்பதாகச் சொன்னார். பேர் கேட்காமல் விட்டேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவர் காதில் போடுங்கள். ஃபைலை என்னிடம் தர வேண்டாம், கோமதியிடம் தரட்டும். எனக்கு வாசிக்க வராது. அவள்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.